மூடி வைத்த தட்டு

வெர்லீன் டாலிவர் செத்துப் பல வருஷமாகிறது என்று வெர்லீன் டாலிவரிடமே ஒருத்தி அடித்துச் சொன்னாள். சிகாகோவில், அவள் குடியிருந்த தெருக்கோடியில், காசு போட்டால் துணி துவைக்கிற மெஷின்கள் வரிசையாக நிற்கும் கடையில் இது நடந்தது. பக்கத்து மெஷினில் துணி திணித்துக்கொண்டிருந்த பெண்ணின் கைபேசி அலறியது. அலறியது வெர்லீனுடைய சொந்தக் குரல்தான். இருபத்து நாலு வயதுக் குரல்.

"நல்ல பாட்டு," என்றாள் வெர்லீன், தலையணை உறையை மடித்துக்கொண்டே.

"நல்ல பாட்டா? என்னம்மா இப்படிச் சாதாரணமாச் சொல்றீங்க! எங்கம்மாவை இந்தப் பாட்டைப் போட்டுத்தான் அடக்கம் பண்ணினோம். பாடின புண்ணியவதி, பாவம், கார் ஆக்சிடெண்ட்ல போய்ட்டா."

"கார் ஆக்சிடெண்டா? நான் கேள்விப்படலையே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்க சித்தப்பா மெம்ஃபிஸ்காரர். அவளை நேர்ல பாத்தவர். ஆறடி உசரமாம். சும்மா ராணி மாதிரி இருப்பாளாம்."

வெர்லீன் நின்ற இடத்திலிருந்து அண்ணாந்துதான் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்க்க வேண்டியிருந்தது. "பாவம்தான்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். படியேறும்போது சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வீட்டில் சேர்ந்து சிரிக்க யார் இருக்கிறார்கள்? ஒரு நாற்காலி, ஒரு கட்டில், ஜன்னலுக்கு வெளியே அடுத்த கட்டடத்தின் செங்கல் சுவர். உடனே மெம்ஃபிஸுக்குப் போன் போட்டாள். அவளுக்கென்று இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு நம்பர்தான்.

அக்கா ஓலா மே கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "செத்தவளுக்கு எதுக்குடி டெலிபோன் செலவு?" என்றாள். இரண்டு கிழவிகளும் மூச்சு வாங்கும்வரை சிரித்தார்கள். பிறகு வெர்லீன், எப்போதும் கேட்பதைக் கேட்டாள்.

"டெல்ஃபின் எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. நீயே கேளேன் அவகிட்ட."

"எடுக்க மாட்டாக்கா."

"ஒரு நாளைக்கு எடுப்பா. விடாமப் போட்டுட்டே இரு."

டெல்ஃபின் என்பது வெர்லீன் பெற்ற மகள். ஓலா மே வளர்த்த மகள். இந்த இரண்டு வரியில்தான் வெர்லீனின் வாழ்க்கை முழுவதும் அடங்கியிருக்கிறது. ஊருக்குத் தெரிந்த பாட்டுக்காரி, அந்த ஆறடி ராணி, வேறு யாரோ.

அந்த மாசக் கடைசியிலேயே மெம்ஃபிஸிலிருந்து போன் வந்தது. பேசியது ஓலா மே இல்லை, எங்கள் மவுண்ட் நீபோ சபையின் பாஸ்டர் மெக்நீல். ஓலா மே தூக்கத்திலேயே போய்விட்டாள். "சனிக்கிழமை அடக்க ஆராதனை. சிஸ்டர் வெர்லீன், நீங்க வந்து உங்க பாட்டைப் பாடணும். சபை மொத்தமும் ஆசைப்படுது," என்றார். வெர்லீன் அக்காவுக்காக அழுதாள், நிஜமாகவே அழுதாள். அழுகைக்கு நடுவே மனசின் ஒரு மூலை, கடைசியில் மவுண்ட் நீபோ என்னைப் பாடக் கூப்பிட்டுவிட்டது பார், என்று துள்ளியது. சொன்னால் வெட்கம், ஆனால் துள்ளத்தான் செய்தது.

ஏன் துள்ளாது? இதே மவுண்ட் நீபோதான் அவளை அன்றைக்கு வெளியே அனுப்பியது. சின்ன வயதிலிருந்து, அங்கி போட்டுப் பாடும் எங்கள் பாடகர் குழுவில் முன் வரிசை அவளுடையது. அவள் வாயைத் திறந்தால் தொப்பி போட்ட பெரிய மனுஷிகள் பெஞ்சிலிருந்து எழுந்து ஆடுவார்கள். ஒரு நாள் வெள்ளிக்கிழமை ராத்திரி மது விடுதியில், கர்த்தரைப் பற்றிய பாட்டின் அதே மெட்டில் ஒரு ஆம்பிளையைப் பற்றிப் பாடினாள் என்று செய்தி வந்தது. எழுந்து ஆடிய அதே பெரிய மனுஷிகள் ஞாயிற்றுக்கிழமை அவளைப் பின்னறைக்குக் கூப்பிட்டு, "அங்கியைக் கழட்டி வெச்சிட்டுப் போம்மா," என்றார்கள். அப்போது அவள் வயிற்றில் டெல்ஃபின் இருந்தாள். பிள்ளையின் அப்பன் டெட்ராயிட்டில் கார் கம்பெனி வேலைக்குப் போகிறேன் என்று ரயிலேறியவன்தான், அத்தோடு சரி.

பிள்ளை நடக்கத் தொடங்கியதும் வெர்லீன் ஒரு இசைக்குழுவோடு ஊர் ஊராகக் கிளம்பினாள். குழந்தையில்லாத ஓலா மே, "விட்டுட்டுப் போ, நான் பாத்துக்கறேன்," என்றாள். கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுகிறேன் என்று சொன்னாள் வெர்லீன். அந்தக் காலத்தில் நம் கறுப்பு ஆட்களுக்கு வழியில் ஓட்டல் கிடையாது, படுக்க இடம் கிடையாது. மாலை பாட்டு, விடிந்தால் அடுத்த ஊர். பழைய பஸ்ஸில் மடியில் காகிதத்தை விரித்துச் சாப்பிடுவார்கள். தட்டு என்று ஒன்றில் சாப்பிட்டு எத்தனையோ நாளாகியிருந்தது அவளுக்கு. கிறிஸ்துமஸுக்குச் சவானாவில் கச்சேரி விழுந்தது. ஈஸ்டருக்கு வந்துவிடுகிறேன் என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலபாமாவில் ஏதோ ஒரு பெட்ரோல் பங்கு. சுவரில் தொங்கிய போனில் காசைப் போட்டு அக்கா வீட்டுக்குப் பேசினாள். டெல்ஃபின் எடுத்தாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது.

"அம்மா, எல்லாரும் சாப்ட்டாச்சு. உன் தட்டை மூடி வெச்சிருக்கேன். நீ எப்ப வந்தாலும் வா."

எங்கள் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வர முடியாதவர்களுக்கு ஒரு தட்டு எடுத்து வைப்பது வழக்கம். வேலைக்குப் போனவன், பஸ் கிடைக்காதவள், கோபித்துக்கொண்டு போனவன் என்று எல்லாருக்கும் உண்டு. சில்வர் பேப்பரால் மூடி, அடுப்பு மேல் வைத்துவிடுவோம். நேரம் கழித்து வருகிறவன் ஒரு வார்த்தை பேச வேண்டாம், தட்டைப் பார்த்தால் போதும், தன்னை மறக்கவில்லை என்று புரிந்துவிடும். ஐந்து வயதுப் பிள்ளை அதைப் பார்த்து, முந்நூறு மைல் தள்ளி நிற்கிற அம்மாவுக்கும் எடுத்து வைத்திருந்தது.

போனை வைத்துவிட்டு பஸ்ஸின் கடைசி சீட்டில் போய் விழுந்து வெர்லீன் அழுதாள். அழுகையும் மெட்டும் சேர்ந்தே வந்தன. அதுதான் அவளுக்கு வாய்த்த வரம், சாபமும் அதுதான். அடுத்த ஊர் வருவதற்குள் பாட்டு முடிந்துவிட்டது.

*அடுப்பு ஆறிப்போச்சு, ஊரே தூங்கிப்போச்சு,*
*கதவைச் சாத்தலை நான்.*
*உன் தட்டை மூடி வெச்சிருக்கேன்,*
*நீ எப்ப வந்தாலும் வா.*

அலபாமாவிலேயே பழைய செருப்புக்கடை ஒன்றில் ஒலிப்பதிவுக் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தவன் அதைக் கேட்டான். முழுசாகக் கேட்டுவிட்டு, "யாரைப் பத்திம்மா இது?" என்றான்.

"என் பொண்ணு சொன்ன வார்த்தை."

"அதை வெளியில சொல்லிடாத. குழந்தைக்காகப் பாடினா தாய்மாருங்கதான் அழுவாங்க. பட்டாளத்துக்குப் போன புருஷனுக்காகன்னு சொல்லு, ஊரே அழும்."

வெர்லீன் மறுக்கவில்லை. வியட்நாம் சண்டை மும்முரமாக இருந்த நேரம். கடைசி வரியில் 'வா' என்கிற இடத்தில் அவள் குரல் பாதியில் உடைந்தது. திரும்பப் பாடுகிறேன் என்றாள். கம்பெனிக்காரன் வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். இன்றைக்குப் போட்டிகளில் பாடுகிற சிறுசுகளெல்லாம் அந்தப் பாட்டில் மட்டுமில்லை, எந்தப் பாட்டிலும் கடைசி வார்த்தையைப் பாதியில் உடைத்துத்தான் பாடுகிறார்கள். அது ஒரு ஸ்டைலாம்! யாரிடமிருந்து வந்தது, எதற்காக உடைந்தது என்று எவருக்குத் தெரியும்?

அந்தப் பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. நம் ஆட்களின் ரேடியோக்களில் காலையும் மாலையும் அதுதான். ரேடியோக்காரர்கள் கேட்கும்போதெல்லாம், "என் ஆளு வியட்நாம்ல இருக்காரு," என்று வெர்லீன் கூசாமல் சொன்னாள். கச்சேரி முடிந்ததும் பட்டாளத்துக்காரர்களின் மனைவிமார் மேடைக்குப் பின்னால் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு விம்முவார்கள். ஒருத்தியின் புருஷன் அந்த வாரம்தான் பெட்டியில் வந்து இறங்கியிருந்தான். அவளிடம் போய், இது என் பிள்ளை சொன்னது என்று எப்படிச் சொல்வாள்? சொல்ல முடியாமல் போனது, போகப் போகச் சொல்லவே முடியாததாகிவிட்டது.

இங்கே மெம்ஃபிஸில் டெல்ஃபின் அந்தப் பாட்டைப் பள்ளிக்கூட வாசலில் கேட்டாள். "இது நான் சொன்னது! எங்கம்மாகிட்ட நான் சொன்னது!" என்றாள். "போடி புளுகி," என்று பிள்ளைகள் கூடிச் சிரித்தார்கள். "அது அவங்க வீட்டுக்காரருக்குன்னு ரேடியோவுலயே சொல்லிட்டாங்க, உங்கம்மாவுக்கு வீட்டுக்காரர் எங்கடி இருக்கார்?" அன்றைக்குச் சாயங்காலம் டெல்ஃபின் அடுப்பு மேலிருந்த தட்டை எடுத்து, அதிலிருந்ததை நாய்க்குக் கொட்டிவிட்டுக் கழுவிக் கவிழ்த்தாள் என்று ஓலா மே ரொம்பக் காலம் கழித்துத் தங்கைக்குச் சொன்னாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் வெர்லீனுக்குத் தட்டு எடுத்து வைக்கவில்லை.

வெர்லீன் அதற்குப் பிறகும் நிறைய எழுதினாள். நல்ல பாட்டுகள்தான், சும்மா சொல்லக் கூடாது. ஒன்றும் எடுபடவில்லை. ஜனங்களின் ருசி மாறிவிட்டது, செருப்புக்கடைக் கம்பெனியையும் மூடிவிட்டார்கள். வெறுங்கையோடு அவள் மெம்ஃபிஸுக்குத் திரும்பியபோது டெல்ஃபினுக்குப் பன்னிரண்டு வயது. வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்து, "உள்ள வாங்க மிஸ் வெர்லீன்," என்றது பிள்ளை. அக்கம்பக்கத்துப் பெரியவர்களை எங்கள் பிள்ளைகள் மரியாதையாக அழைக்கிற விதம் அது. ஓலா மேவைத்தான் அம்மா என்றாள். அங்கே ஒரு வாரம் இருந்தாள் வெர்லீன். பிறகு சிகாகோவில் ஒரு ஆஸ்பத்திரியில் சலவைப் பகுதியில் வேலை இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள், போய்விட்டாள். அடுத்தவர்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்தே காலம் ஓடிவிட்டது.

பாட்டு மட்டும் அவளைக் கேட்காமலே நடந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தில் வெள்ளைக்காரப் பையன்கள் அதைத் தேடித் தேடி வாங்கினார்கள். தாளத்துக்குப் பேச்சாகவே பாடுகிற பையன் ஒருவன் அந்த 'வா' என்கிற துண்டை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்பச் சுற்றவிட்டுத் தன் பாட்டுக்கு அடியில் வைத்தான். சிகாகோ பஸ்களில், காய்கறிக் கடைகளில், பல் டாக்டர் கிளினிக்கில் என்று எங்கே போனாலும் வெர்லீன் தன் குரலோடு முட்டிக்கொண்டாள். அவள் வாயிலிருந்து போனதுதான், திரும்பி அவளைப் பார்க்கும்போது யாரோ மாதிரிப் பார்த்தது. எல்லாவற்றையும் விட வேடிக்கை, எங்கள் சபைகள் அதைப் பிடித்துக்கொண்டதுதான். ஆம்பிளை போய்க் கர்த்தர் வந்தார். 'என் தட்டை மூடி வெச்சிருக்கார், நீ எப்ப வந்தாலும் வான்னார்' என்று மாற்றினார்கள். பரலோகப் பந்தியில் நமக்கொரு தட்டு காத்திருக்கிறதாம்! மெம்ஃபிஸில் இப்போது அந்தப் பாட்டு இல்லாமல் ஒரு பிணம் குழிக்குள் இறங்காது. அங்கியைக் கழற்றச் சொன்ன பெரிய மனுஷிகள் ஒவ்வொருத்தியும் அந்தப் பாட்டோடுதான் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த வாரம் பூராவும் வெர்லீன் சமையலறையில் நின்று பாடிப் பார்த்தாள். மெம்ஃபிஸ் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து உதட்டுக்குள்ளேயே பாடினாள். குரல் தடித்திருந்தது, ஆனால் இருந்தது. அக்காவுக்கு ஒரு தரம், மவுண்ட் நீபோவில், முன்னால் நின்று. அதற்குமேல் ஒன்றும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை கோயிலின் பின்னறையில் குடும்பத்தார் உள்ளே போவதற்காக வரிசையாக நின்றார்கள். முன்னால் டெல்ஃபின். அட்லாண்டாவில் பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸ் அவள். வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி, முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. வெர்லீனை அவள் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

"பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா, மிஸ் வெர்லீன்?"

"இருந்துச்சும்மா. நீ நல்லா இருக்கியா?"

"இருக்கேன்." டெல்ஃபின் நேரே கதவைப் பார்த்தபடியே பேசினாள். "ப்ரோக்ராம்ல உங்க பாட்டுப் போட்டிருக்கு. அது பாஸ்டர் வேலை. என்னைக் கேக்கல."

"தெரியும்."

"பாடாதீங்க."

வெர்லீனுக்குக் கைப்பை நழுவியது. பிடித்துக்கொண்டாள். "அக்காவுக்கு அந்தப் பாட்டு ரொம்பப் பிடிக்குமே, டெல்ஃபின்."

"யார் சொன்னா? ரேடியோவுல வந்தா எந்திரிச்சுப் போய் அணைப்பாங்க. எனக்காக அணைப்பாங்க." இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். "அந்த அடுப்பு எனக்கு எட்டாது. அஞ்சு வயசு எனக்கு. எங்கம்மா என்னை இடுப்புல தூக்கிப் பிடிப்பாங்க, நான் தட்டை மூடுவேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். உங்க பாட்டுல அவங்க எங்க இருக்காங்க? எவனோ ஒரு பட்டாளத்துக்காரன்தானே இருக்கான்!"

"கம்பெனிக்காரன் அப்படிச் சொல்லச் சொன்னான்..."

"நாப்பது வருஷமாவா சொல்லிட்டே இருந்தான்?"

வெர்லீன் கைப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"இன்னைக்கு ஒரு நாளைக்காவது அவங்களை விட்டுடுங்க. நீங்க பாடினா அவங்க சாவும் உங்க பாட்டாயிடும்."

"சரி. பாடலை."

"சொன்னா சொன்னபடி இருக்கணும்." பள்ளிக்கூடப் பிள்ளையை அதட்டுகிற குரல் அது.

"இருப்பேன்," என்றாள் வெர்லீன். இந்தப் பிள்ளைக்கு அவள் கொடுத்த வாக்கு ஒன்றுகூட நிறைவேறியதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பிறந்தநாள், ஒன்றுகூட இல்லை. பாஸ்டரிடம் சொல்லிவிடலாம் என்று தேடினாள். அதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள், ஆர்கன் முழங்கியது, வரிசை நகர்ந்தது.

ஜெபம் முடிந்தது, வசனம் முடிந்தது. பாஸ்டர் மெக்நீல் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பாட்டை உலகத்துக்குக் கொடுத்தவங்க நம்ம மவுண்ட் நீபோ மண்ணுல பிறந்தவங்க! வாங்க, சிஸ்டர் வெர்லீன்!" என்று முழங்கினார். சபை எழுந்து நின்று கை தட்டியது. உட்கார்ந்த இடத்திலேயே தலையை ஆட்டி மறுத்தாள் வெர்லீன். ஊழியக்காரர்கள் இரண்டு பேர் சிரித்தபடி வந்து இரண்டு பக்கமும் கைத்தாங்கலாகப் பிடித்துக் கொண்டுபோய் மைக்குக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். அவளுக்குக் கீழே அக்காவின் பெட்டி, அதைத் தாண்டி முதல் பெஞ்சில் டெல்ஃபின்.

ஆர்கன் மெல்ல அந்த மெட்டைத் தொட்டது. வெர்லீன் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"மெதுவாம்மா, மெதுவா!" என்றது ஒரு குரல் பின்னாலிருந்து. "அவசரமே இல்ல, கண்ணு!" என்றது இன்னொன்று.

எங்கள் சபையில் பாட வந்தவள் பேச்சில்லாமல் நின்றால், அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, ஆவி இறங்கிவிட்டது என்றுதான் அர்த்தம். பாட மாட்டேன் என்பதற்காக ஒருத்தி அங்கே நிற்பாள் என்று எங்களில் எவருக்குத் தோன்றும்?

"நான் பாடலை," என்றாள் வெர்லீன் மைக்கில்.

"ஆமா! சொல்லும்மா!"

"இது என் பாட்டு இல்ல..."

"ஆமென்! கர்த்தருடைய பாட்டு!" பெஞ்சுகள் அதிர்ந்தன.

"இல்ல, இது என் மகள்..." அதற்குமேல் ஒரு வார்த்தை வெளியே கேட்கவில்லை. ஆர்கன்காரர் உற்சாகத்தில் ஏறிவிட்டார். வெள்ளைத் தொப்பியும் வெள்ளைக் கையுறையும் போட்டு, ஆவி இறங்கித் தள்ளாடுகிறவர்களைத் தாங்குவதற்கென்றே நிற்கிற சபை நர்ஸ் ஓடிவந்து அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அட்டை விசிறியால் படபடவென்று விசிறினாள். "அழுதுடும்மா, அடக்காத," என்றாள் காதில். "எனக்கு ஒண்ணுமில்ல, விடு," என்றாள் வெர்லீன். நர்ஸ் இன்னும் வேகமாக விசிறினாள். பாடகர் குழுவில் யாரோ முதல் வரியை எடுத்துக் கொடுத்தார்கள். அவ்வளவுதான், மொத்தச் சபையும் பிடித்துக்கொண்டது. அவளுக்கு முடியவில்லை, அவளுக்காக நாம் பாடுவோம் என்று அன்போடு, தொண்டை கிழிய, கைகளை உயர்த்திப் பாடினோம்.

வெர்லீன் தன் கச்சேரிகளில்கூட இப்படிக் கேட்டதில்லை. கிழவர்களும் சிறுசுகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் பாடினார்கள். கடைசி 'வா'வை அத்தனை பேரும், சொல்லிவைத்தது போல, அவள் உடைந்த அதே இடத்தில் உடைத்தார்கள். ஒரு பெட்ரோல் பங்கின் போனில் ஒரு குழந்தை சொன்ன வார்த்தை இத்தனை வாயில் இருக்கிறது. நிறுத்துங்கள் என்று சொல்ல அவளுக்கு இப்போது எந்த உரிமையும் இல்லை. அவள் நெஞ்சும் கூடவே பாட எழும்பியது. ஒரே ஒரு வரி, கடைசி ஒரு வரி. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் மட்டும் தண்ணீர் கொட்டியது, அதைப் பார்த்த சபை இன்னும் சத்தமாகப் பாடியது.

முதல் பெஞ்சில் டெல்ஃபின் பாடவில்லை. அவள் அம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நிறைந்த கோயிலில் வாய் திறக்காமல் இருந்தவர்கள் அந்த இரண்டு பேர்தான்.

அடக்கம் முடிந்து எல்லாரும் கோயில் கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தோம். வெர்லீனைச் சுற்றி ஒரே கூட்டம். "எப்பேர்ப்பட்ட அபிஷேகம்!" என்றார்கள். "பாடியிருந்தாக்கூட இவ்வளவு உருக்கமா இருந்திருக்காது," என்றார் பாஸ்டர். அவள் ஆளாளுக்குத் தலையாட்டிக்கொண்டே டெல்ஃபினைத் தேடினாள். டெல்ஃபின் கூடத்தில் இல்லை. ஜன்னல் வழியே பார்த்தாள். வெளியே மைதானத்தில் தன் காரில் பூக்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். அட்லாண்டா ஏழு மணி நேரப் பயணம். சாப்பிடாமலே கிளம்புகிறாள்.

வெர்லீன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பரிமாறும் மேஜைக்குப் போனாள். அங்கே கரண்டியோடு நின்றவள் சிஸ்டர் ஹாட்டி, ஒரு காலத்தில் பாடகர் குழுவில் அவள் பக்கத்தில் நின்றவள்.

"ஒரு தட்டு போடு ஹாட்டி. டெல்ஃபினுக்கு. சாப்பிடாமக் கிளம்பறா."

"தாராளமா. என்ன வெக்கட்டும்?"

வெர்லீன் மேஜையைப் பார்த்தாள். பொரித்த கோழி, பொரித்த கெளுத்தி மீன், பன்றிக்கறி போட்டு வதக்கிய கீரை, சீஸ் மக்ரோனி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சோள ரொட்டி. எதைச் சொல்வது? கோழியில் தொடையா, நெஞ்சா? கீரை தின்பாளா? கிழங்கு பிடிக்குமா?

"என்னடி முழிக்கிற? பின்னால வரிசை நிக்குது."

"அவளுக்கு எது பிடிக்கும்னு எனக்குத் தெரியல, ஹாட்டி."

ஹாட்டியின் கரண்டி அப்படியே நின்றது. ஏளனமாக ஒன்றும் பார்க்கவில்லை, அவள் நல்லவள். "எனக்கும் தெரியாதே," என்றாள் தணிந்த குரலில். "அதெல்லாம் ஓலா மேவுக்குத்தான் தெரியும்."

உலகம் முழுக்கப் பாடிய தட்டு, கையில் வெறுமையாக இருந்தது. அதில் என்ன வைப்பது என்று நாற்பது வருஷத்தில் ஒரு நாள்கூட வெர்லீன் யோசித்ததில்லை. தெரிந்தவளை அப்போதுதான் மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

"எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் வை," என்றாள்.

சில்வர் பேப்பரை அவளே கிழித்து, ஓரம் விடாமல் அழுத்தி மூடினாள். பிறகு படியேறி மைதானத்துக்கு ஓடினாள். அந்த வயதில் அவள் ஓடுவதை நாங்கள் ஜன்னலில் பார்த்தோம். கார் கிளம்பிவிட்டது. அவளைக் கண்டதும் நின்றது. கண்ணாடி இறங்கியது.

"நீங்க பாடலை," என்றாள் டெல்ஃபின்.

"பாடலைன்னு சொன்னேன்ல."

"ஆனாலும் பாடிட்டாங்க."

"ஆமா. என்னால நிறுத்த முடியலம்மா. சொல்லிப் பாத்தேன்."

"கேட்டுச்சு." டெல்ஃபின் ஸ்டியரிங்கைப் பார்த்தாள். "'என் மகள்'ங்கிறது வரைக்கும் கேட்டுச்சு."

வெர்லீன் தட்டை ஜன்னல் வழியே நீட்டினாள். டெல்ஃபின் அதைப் பார்த்தாள். பிறகு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஒரு ஓரத்தைப் பிரித்தாள். ஆவி அடித்தது.

"மீன் வெச்சிருக்கீங்க."

"ஆமா... ஏன்?"

"எனக்கு மீன் ஆகாது. வாடையே ஆகாது. சின்னதுல இருந்தே."

"எனக்குத் தெரியாதும்மா."

"உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்." அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் வெர்லீனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

தட்டு திரும்பி வரப்போகிறது என்று அவள் கையை நீட்டியபடியே நின்றாள். டெல்ஃபின் ஒரு காகித நாப்கினை எடுத்தாள். மீன் துண்டை மட்டும் அதில் வைத்துச் சுற்றி, ஜன்னல் வழியே அம்மாவின் நீட்டிய கையில் வைத்தாள். சில்வர் பேப்பரை ஓரம் விடாமல் மறுபடி மூடி, தட்டைப் பக்கத்து சீட்டில் வைத்தாள்.

"வரேன், மிஸ் வெர்லீன்."

கார் போய்விட்டது. கீழ்த்தளத்தில் பாத்திரம் கழுவுகிறவர்கள் யாரோ அந்தப் பாட்டை முணுமுணுப்பது மைதானம்வரை கேட்டது. வெர்லீன் தனியாக அங்கேயே நின்று நாப்கினைப் பிரித்து மீனைத் தின்றாள். உப்பு சரியாக இருந்தது, ஓரம் இன்னும் மொறுமொறுப்பாக இருந்தது. நெஞ்சுக்குள் எதுவோ திரண்டு, அதன் பின்னாலேயே ஒரு மெட்டும் எழும்பப் பார்த்தது. அவளுக்கு அது வரும் வழி நன்றாகத் தெரியும். மென்று, மீனோடு சேர்த்து அதையும் விழுங்கினாள். டெல்ஃபினுக்கு மீன் ஆகாது. இதை அவள் யாருக்கும் பாடிக் காட்டப் போவதில்லை.